மலேசியாவில் சம்பளம் நிலுவையா? வேலையை விட்டுக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறையில். என் கையில் இருந்தது ஒரு போனும், மாவும் எண்ணெயும் ஒட்டிய ஒரு எண்பது பக்க நோட்டும்தான். கோலாலம்பூர் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தேன். புகார் கொடுத்த நாளிலிருந்து பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதில் பாதியாவது என் அறியாமையால் வீணானது. எந்த ஆபீசுக்குப் போவது, எதை எடுத்துப் போவது, எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து வேலை செய்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். பெண்களுக்கும் அகதி அட்டை வைத்திருப்பவர்களுக்கும் வழி கொஞ்சம் மாறும். அதைத் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறேன். ரிங்கிட்டை இங்கே எல்லாரும் வெள்ளி என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. முதலில், ஓடாதீர்கள்

சம்பளம் வரவில்லை என்றதும் கூட இருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, "ஜொகூர்ல ஆள் இருக்கான், கிளம்பி வா, கையில காசு". நானும் பையைக் கட்டிவிட்டேன். அன்று மழை பெய்து பஸ்ஸைத் தவறவிட்டதால் தப்பித்தேன்.

உங்கள் பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. சொல்லாமல் வெளியேறினால் அவர் இமிகிரேசனில் 'லாரி' ரிப்போர்ட், அதாவது ஆள் ஓடிவிட்டான் என்ற புகார், கொடுத்துவிடுவார். பெர்மிட் ரத்தாகும். நேற்று வரை சம்பளம் கேட்ட ஆள், இன்று பிடித்து அடைக்கப்படும் ஆள். அதற்குப் பிறகும் வழக்கு நடத்தலாம், ஆனால் பத்து மடங்கு கஷ்டம்.

ஆகவே புகாரை முதலில் லேபர் ஆபீசில், அதாவது அரசின் தொழிலாளர் அலுவலகத்தில், பதியுங்கள், புகார் எண்ணைக் கையில் வாங்குங்கள், வெளியேறுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ரிப்போர்ட் அடித்த தேதிக்கு முந்தைய தேதியில் உங்கள் புகார் இருந்தால், பேச்சே வேறு மாதிரி போகும்.

அடி, பூட்டி வைப்பது, பாலியல் தொல்லை என்று இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். உடனே வெளியேறி 999-ஐ அழையுங்கள், அல்லது அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999. காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. ஆதாரம் சேர்ப்பது

லேபர் ஆபீசர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அடா ஸ்லிப் காஜி?" சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று. இல்லை. எங்கள் கடையில் ஒருவருக்கும் அந்தச் சீட்டைக் கண்ணில் காட்டியதில்லை. சீட்டு இல்லையென்றால் வழக்கே இல்லை என்று நினைத்துத்தான் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அது தப்பு. சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை, கொடுக்காதது அவர் குற்றம். அதற்குப் பதிலாக நீங்கள் காட்டக்கூடியவை நிறைய உண்டு:

- பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பெர்மிட் பக்கம், நுழைவு முத்திரை. அசல் கையில் இல்லாவிட்டாலும் போனில் படம் இருந்தால் போதும். ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள்.
- வேலை ஒப்பந்தம். ஊரில் ஒன்று, இங்கே வந்ததும் ஒன்று என்று இரண்டில் கையெழுத்து வாங்கியிருந்தால் இரண்டும்.
- பேங்க் கணக்கு விவரம். சம்பளம் கடைசியாக எப்போது ஏறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.
- முதலாளியோடும் சூப்பர்வைசரோடும் நடந்த வாட்ஸாப் பேச்சு. "அடுத்த வாரம் தரேன்" என்ற ஒரு வரி போதும், கடன் பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். போன் மாற்றும் முன் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் சேமியுங்கள்.
- வேலை நேரப் பட்டியல். சுவரில் ஒட்டியிருப்பதை மாதாமாதம் படம் எடுங்கள். நான் எடுத்த படங்களில் பக்கத்திலிருந்த சுவர்க் கடிகாரமும் தற்செயலாக விழுந்திருந்தது. இரவு பதினொன்றேகால். ஆபீசர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
- கையால் எழுதிய நோட்டு. தேதி, வந்த நேரம், போன நேரம், அன்று வாங்கிய முன்பணம். அன்றன்றைக்கே எழுதியது பார்த்தாலே தெரியும்: ஒரு நாள் நீல மை, ஒரு நாள் கறுப்பு, ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை. ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியதும் அப்படியே தெரிந்துவிடும், அந்த வேலை வேண்டாம்.

இதில் பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. கடைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, கம்பெனியின் பதிவுப் பெயர் வேறு, உங்கள் பெர்மிட்டில் இருக்கும் பெயர் மூன்றாவதாக இருக்கலாம். நான் முதல் தடவை பலகைப் பெயரை எழுதிக் கொடுத்தேன். சம்மன் போன இடத்தில் "அப்படி ஒரு கம்பெனி இல்லை" என்று பதில் வந்தது. ஒரு மாதம் போச்சு. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு லைசென்ஸ் மாட்டியிருப்பார்கள். அதில் கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் பெயரில் பெர்மிட், வேலை வேறு இடத்தில் என்றால் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

3. எவ்வளவு பாக்கி? கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்

"எனக்குச் சம்பளம் தரல" என்று போய் நிற்பதற்கும், "இவ்வளவு வெள்ளி இவ்வளவு சென்" என்று தாளை நீட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து ஆட்களும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல், அதைவிடச் சின்ன கடைகளில் 2025 ஆகஸ்டு 1 முதல். வெளிநாட்டு ஆட்களுக்கும் இதேதான். "அது லோக்கல் ஆளுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. மேலே போனால் ஓ.டி., ஒன்றரை மடங்கு. கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம், 65 வெள்ளி 38 சென். அதை உங்கள் ஒரு நாள் வேலை நேரத்தால், 8 மணி என்றால் எட்டால், வகுத்தால் 8.17. ஒன்றரை மடங்கு 12.26. நான் தினம் மூன்று மணி நேரம் கூடுதலாக நின்றேன். 26 நாளைக்கு 956 வெள்ளி 28 சென். இந்தக் காசை முதலில் நான் கேட்கவே இல்லை, இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாது. சம்பளப் பாக்கி நாலு மாதத்துக்கு 6,800 வெள்ளி. ஓ.டி.யைப் பதினாலு மாதத்துக்குப் போட்டபோது அது 13,000-ஐத் தாண்டியது.

பொது விடுமுறை நாளில் வேலை செய்திருந்தால் அதற்குத் தனியாக இரண்டு நாள் சம்பளம் உண்டு. ஆண்டுக்கு 11 விடுமுறை. தீபாவளியன்று நின்று ரொட்டி போட்டவர்கள் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

பிடித்தத்தையும் பாருங்கள். சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்கும், 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இ.பி.எஃப். என்ற சேமநிதிக்கு 2 விழுக்காடும் பிடித்தால் அது சட்டப்படி. லெவி என்று, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசுக்குக் கட்டும் வரி என்று, பிடித்தால் அப்படி இல்லை. 2018 முதல் லெவி முதலாளி கட்ட வேண்டியது. எனக்கு மாதம் 150 பிடித்தார்கள். அதையும் கோரிக்கையில் சேர்த்தேன்.

4. தொண்டு நிறுவனத்தின் கதவைத் தட்டுவது

லேபர் ஆபீசுக்குத் தனியாகவும் போகலாம். மலாய் சரளமாகப் பேசுவீர்கள், பெர்மிட் உயிரோடு இருக்கிறது, கணக்கு எளிது என்றால் போங்கள். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் முதலில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போங்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர், அகதிகள், பெண்கள் ஆகியோருக்காக 1991 முதல் இயங்கும் தெனாகானிதா அப்படிப்பட்ட ஒன்று. வக்கீல்கள் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

நான் போன இடத்தில் ஒரு அக்கா முக்கால் மணி நேரம் என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "தம்பி, கோபத்தைப் பைக்குள்ள போட்டுட்டு பேப்பரை வெளிய எடுங்க" என்றார். அன்றுதான் வழக்கு ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

அவர்கள் செய்வது: உங்கள் கதையைத் தேதி வரிசையில் எழுதித் தருவார்கள், கோரிக்கைக் கணக்கைச் சரிபார்ப்பார்கள், முதலாளிக்குக் கடிதம் அனுப்புவார்கள், ஆபீசுக்கும் இமிகிரேசனுக்கும் கூட வருவார்கள். ஆபத்தில் இருக்கும் பெண்களுக்குத் தங்க இடம் பார்த்துத் தருவார்கள். அவர்களால் முடியாதது: பெர்மிட் எடுத்துத் தர முடியாது, வேலை வாங்கித் தர முடியாது, முதலாளியைக் கைது செய்ய முடியாது. இதை எதிர்பார்த்துப் போய் ஏமாந்து திட்டிக்கொண்டு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போகும் முன் போன் செய்து நேரம் வாங்குங்கள். இரண்டு மூன்று பேர்தான் நூறு வழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாசலில் போய் நின்றால் ஆள் வெளியே போயிருக்கலாம். கட்டணம் இல்லை. "நான் அந்த ஆபீஸ் ஆள், ஐந்நூறு கொடு, முன்னால தள்ளி விடறேன்" என்று எவனாவது வந்தால் அவன் புரோக்கர்.

அவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். முன்பணம் வாங்கியது, நடுவில் பத்து நாள் வேறு கடையில் நின்றது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதை விசாரணையில் எடுத்து வீசும்போது உங்கள் பக்கம் இருப்பவர் முதல் முறையாகக் கேட்பது போல முழிக்கக்கூடாது.

5. பாஸ்போர்ட்

அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "பத்திரத்துக்காக வச்சிருக்கோம்" என்பதெல்லாம் பேச்சு. முதலில் வாட்ஸாப்பில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதிலே ஆதாரம். பிறகு போலீஸ் ரிப்போர்ட், அதற்குக் காசு இல்லை. பிறகு உங்கள் நாட்டுத் தூதரகம். "தொலைந்துவிட்டது" என்று மட்டும் ரிப்போர்ட் எழுதாதீர்கள். சீக்கிரம் புதிது கிடைக்கும் என்று யாராவது அப்படிச் சொல்லித் தருவார்கள். பொய் ரிப்போர்ட் உங்கள் கழுத்துக்கே வரும், முதலாளியின் குற்றமும் காணாமல் போய்விடும்.

6. லேபர் ஆபீசில்

வேலை செய்த இடம் எந்த வட்டாரமோ அந்த வட்டார லேபர் ஆபீசுக்கு (மலாயில் பெஜாபட் தெனாகா கெர்ஜா) போக வேண்டும், நீங்கள் தங்கியிருக்கும் வட்டாரம் அல்ல. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. எல்லாக் காகிதத்திலும் மூன்று நகல்: ஆபீசுக்கு, எதிர்த்தரப்புக்கு, உங்களுக்கு. அசலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஆபீசர் முதலில் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். பல வழக்குகள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் 1955 வேலைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் விசாரணை. இதைத்தான் லேபர் கோர்ட் என்கிறோம். பேருக்குத்தான் கோர்ட், நான் பார்த்தது ஒரு சின்ன அறை, ஒரு நீள மேசை, எதிரில் முதலாளி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். "கொஞ்சம் மலாய் தெரியும்" என்று தலையாட்டிவிட்டு, மார்க்கெட் மலாயில் சட்டம் பேசி முழித்தது நான்தான்.

முதல் தேதிக்கு முதலாளி வரமாட்டார். இரண்டாவதுக்கு அவர் வக்கீல் வந்து தேதி கேட்பார். இதற்காக மனம் உடைய வேண்டாம், எல்லாருக்கும் இதே கதைதான். ஆனால் நீங்கள் ஒரு தேதியையும் தவறவிடக்கூடாது. நீங்கள் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட முடியும்.

வேலையை விட்டே நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்றால் அது வேறு ஆபீஸ், தொழிலியல் உறவுத் துறை. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் எடுக்க மாட்டார்கள். சம்பளப் புகார் நடந்துகொண்டிருக்கிறதே, அது முடியட்டும் என்று காத்திருந்து என் அறைத் தோழர் ஒருவர் இதைக் கோட்டைவிட்டார்.

7. வழக்கு நடக்கும்போது எப்படி நாட்டில் இருப்பது

இதுதான் முள். முதலாளி பெர்மிட்டைப் புதுப்பிக்காவிட்டால் இமிகிரேசனில் ஸ்பெஷல் பாஸ், அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதி, கேட்க வேண்டும். ஒரு மாதத்துக்கு 100 வெள்ளி, மாதாமாதம் போய் நிற்க வேண்டும், புகார்க் கடிதமும் அடுத்த விசாரணைத் தேதியும் காட்ட வேண்டும். அந்தப் பாஸில் வேலை செய்ய அனுமதி இல்லை. வருமானம் இல்லாமல் வாடகையும் சாப்பாடும் பாஸ் கட்டணமும். பெரும்பாலான வழக்குகள் நியாயத்தில் தோற்பதில்லை, இந்தக் காலி வயிற்றில்தான் தோற்கின்றன. நான் மூன்று மாதம் ஸ்பெஷல் பாஸில் இருந்தேன். அரிசியும் பருப்பும் ஒரு கோயிலில் கிடைத்தது.

புகார் கொடுக்கும் முன்பே மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்கும் ஒரு வழி பார்த்து வையுங்கள்.

8. பெண்களுக்கு

வீட்டு வேலை செய்பவர்களுக்கு 1,700 வெள்ளிக் கணக்கும் 45 மணி நேரக் கணக்கும் பொருந்தாது. சட்டம் அவர்களை அதில் சேர்க்கவில்லை, இது அநியாயம்தான். ஆனால் ஒப்புக்கொண்ட சம்பளத்தைத் தராவிட்டால் லேபர் ஆபீசில் புகார் கொடுக்கலாம். 2021 ஜூன் முதல் வீட்டு வேலைக்கும் சொக்சோ உண்டு. வீட்டுக்குள் நோட்டு வைத்து எழுதுவது கஷ்டம். தினம் ஒரு வரி ஊரிலிருக்கும் அக்காவுக்கோ மகளுக்கோ அனுப்புங்கள், தேதியோடு அங்கே பத்திரமாக இருக்கும்.

பாலியல் தொல்லை என்றால் முதலாளியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், அவரே குற்றவாளி என்றால் நேராக லேபர் ஆபீசுக்கு. பாலியல் தொல்லைக்கென்றே தனித் தீர்ப்பாயமும் 2024 முதல் இருக்கிறது. 250,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்லலாம். உடலுக்கு ஏதாவது நடந்திருந்தால் குளிக்காமல், துணி மாற்றாமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இதற்கென்றே ஒரு மையம் உண்டு, மருத்துவமும் போலீஸ் ரிப்போர்ட்டும் ஒரே இடத்தில் நடக்கும்.

9. அகதி அட்டை வைத்திருப்பவர்கள்

மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அட்டை வேலை பெர்மிட் ஆகாது. முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் மிரட்டுவார். நீங்கள் தனியாக எந்த ஆபீஸ் வாசலிலும் போய் நிற்காதீர்கள். முதலில் தொண்டு நிறுவனம். அவர்கள் எழுதும் கடிதத்துக்கே பல முதலாளிகள் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டை பதிவதற்கு ஐ.நா. அலுவலகத்தில் ஒரு காசும் கிடையாது, விற்பவன் திருடன்.

10. "செட்டில் பண்ணிக்கலாம்"

இந்தப் பேச்சு கட்டாயம் வரும். பெரும்பாலும் விசாரணைக்கு முந்தின நாள் இரவு, பழைய சூப்பர்வைசர் மூலமாக, "என்னப்பா, நாமெல்லாம் ஒரே ஊர்க்காரங்க" என்று ஆரம்பித்து. எனக்கு முதலில் சொன்ன தொகை 5,000. என் கோரிக்கை 22,287 வெள்ளி 92 சென்.

செட்டில் பண்ணுவது அவமானம் இல்லை. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னும் ஆறு மாதம் காத்திருப்பதைவிட ஒரு நியாயமான தொகை மேல். என் அளவுகோலைச் சொல்கிறேன்: சம்பளப் பாக்கியில் ஒரு வெள்ளியும் விடாதீர்கள், ஓ.டி.யில் பேரம் பேசலாம். நான் 16,500-க்கு ஒத்துக்கொண்டேன்.

எங்கே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பது தொகையைவிட முக்கியம். காப்பிக் கடையில் வேண்டாம், ஆபீசர் முன்னால் மட்டும். மலாய்த் தாளில் மூன்று சொற்களைத் தேடுங்கள். 'பெனியெலெசாயான் பெனோ' என்றால் முழுத் தீர்வு. 'தியாடா துந்துத்தான்' என்றால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. 'பெர்ஹெந்தி சுக்காரேலா' என்றால் நானே விருப்பப்பட்டு நின்றேன். பணம் கைக்கு வரும் முன் இவற்றின் கீழ் கையெழுத்து போட்டால் கதை முடிந்தது. தாளைப் போனில் படம் எடுத்து அந்த அக்காவுக்கு அனுப்பி, பதில் வரும் வரை பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளியின் வக்கீல் நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

11. பணமும் பயணமும்

தவணையாகத் தருகிறேன் என்றால், கடைசித் தவணைக்குப் பிறகே வழக்கை மூடும்படி ஆபீசரிடம் கேளுங்கள். தேதி போட்ட செக்கை நம்பி விமான டிக்கெட் எடுக்காதீர்கள். எனக்குக் கொடுத்த முதல் செக் திரும்பி வந்தது. பேங்க் டிராஃப்டாகவோ நேராகக் கணக்கிலோ கேளுங்கள். கணக்கில் ஏறியதும் சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட்.

பெர்மிட் முடிந்தவர்கள் வெளியேறவும் இமிகிரேசனில் தனியாக அனுமதி வாங்க வேண்டும், டிக்கெட் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள். காத்திருக்கவே முடியாது, ஊரில் சாவு, நோய் என்றால் கிளம்பும் முன் தொண்டு நிறுவனத்தின் பெயரில் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள், ஊர் பேங்க் கணக்கு எண்ணையும் சேர்த்து. உள்ளூர் கணக்கை மூடாமல் போங்கள், ஏ.டி.எம். அட்டையை யாரிடமும் கொடுக்காமல். அந்த நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். என்னோடு நின்ற இன்னொருவருக்கு, நான் ஊருக்கு வந்த பிறகு, சாட்சியாக என் நோட்டின் பதினோரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.